கடைசிக் குமிழ் உங்கள் கையில் இருக்கட்டும்

கணினியில் ஹெட்போன் மாட்டிப் பாட்டுக் கேட்பவர்களுக்கு ஓயாமல் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு: விண்டோஸ் வால்யூமை நூறில் வைத்துவிடு, அப்புறம் அதைத் தொடாதே. கடைக்காரர் சொல்கிறார், யூடியூபில் ஹெட்போன் விமர்சனம் செய்பவர் சொல்கிறார், பக்கத்து வீட்டு இன்ஜினியரிங் பையன் சொல்கிறான். தவறு என்று ஒதுக்கிவிட முடியாத அறிவுரைதான். ஆனால் அதைச் சொல்பவர் மேசையில் தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயர் இருக்கும், அதில் கையால் திருகும் குமிழ் இருக்கும். கேட்பவரிடம் இருப்பதோ மடிக்கணினியின் பக்கவாட்டில் செருகிய ஓர் ஒயர் மட்டும். அவர் நூறில் வைத்துப் பாட்டைத் தட்டிவிட்டால் முதலில் அடிபடுவது காது.

நான் ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கும் வேலை செய்கிறவள். ஆய்வு மாணவர்கள் கிராமங்களில் எடுத்துவரும் நேர்காணல்கள், கருத்தரங்கப் பேச்சுகள், எப்போதாவது ஓர் ஆவணப்படத்துக்கு சப்டைட்டில். காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாடு வரை காதில் ஹெட்போன் இருக்கும். ராத்திரியில் எனக்காகக் கொஞ்சம் பாட்டு. பிழைப்பே காதை நம்பித்தான் என்பதால், இந்த வால்யூம் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்துகள் உண்டு. அவற்றில் பாதி கணினியிலிருந்து வந்தவையே அல்ல.

அப்பா உசிலம்பட்டிப் பக்கம் மைக்செட் வைத்திருந்தார். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, மாரியம்மன் பொங்கல், தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும். அகுஜா ஆம்ப்ளிஃபயர் ஒன்று. அதன் முகப்பில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு குமிழ், பாட்டுப்பெட்டிக்கு ஒன்று, பேஸ், ட்ரெபிள், கடைசியாக வலது ஓரத்தில் மாஸ்டர். பேச்சாளர் மைக்கைத் தட்டி “ஹலோ” சொன்னதும் அப்பா மாஸ்டரைத் தாழ்வாக வைத்துக்கொண்டு, மைக் குமிழை மட்டும் மெல்ல ஏற்றுவார். குரல் தெளிவாக நிற்கிற இடத்தில் விடுவார். அதன் பிறகுதான் மைதானத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்கு மாஸ்டரைத் திறப்பார். இதைத் தலைகீழாகச் செய்து, மைக் குமிழைச் சிறிதாகவும் மாஸ்டரை முழுதாகவும் வைத்தால், பேச்சோடு சேர்ந்து ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலும் குழாய் வழியாக ஊர் முழுக்கப் போகும். மைக் குமிழை அளவுக்கு மீறி ஏற்றினாலோ குரல் ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே கிழிந்துவிடும். மாஸ்டரை எவ்வளவு இறக்கினாலும் கிழிந்தது கிழிந்ததுதான். சத்தம் குறைந்த கிழிசல், அவ்வளவே.

கணினிக்குள்ளும் நடப்பது இதுவேதான். குமிழ்கள் கண்ணுக்குத் தெரியாமல் சிதறிக் கிடப்பதுதான் தொல்லை. யூடியூப் திரைக்குக் கீழே ஒரு ஸ்லைடர். விண்டோஸின் வால்யூம் மிக்சரில் பிரவுசருக்கென்று ஒரு ஸ்லைடர். டாஸ்க்பாரில் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று. ஹெட்போன் ஒயரிலோ காதுக் கிண்ணத்திலோ இன்னொன்று. வெளியே ஆம்ப்ளிஃபயர் இருந்தால் அதில் ஒன்று. ஒலி இவை ஒவ்வொன்றையும் தாண்டித்தான் காதுக்கு வருகிறது. நடுவில் ஒன்று பாதி மூடிக் கிடந்தால், அதை ஈடுகட்ட அடுத்ததை ஏற்றுவோம். ஏற்றும்போது இரைச்சலும் கூடவே ஏறும்.

கோயம்புத்தூரில் படிக்கும் அண்ணன் மகன் விடுமுறைக்கு வந்தபோது, “அத்தை, இந்த ஹெட்போன்ல சத்தமே பத்தல, ஒரு ஆம்ப் வாங்கப் போறேன்” என்றான். நல்ல ஹெட்போன்தான், விலையும் கொஞ்சநஞ்சமில்லை. டாஸ்க்பாரில் நூறு வைத்திருந்தான். ஸ்பீக்கர் படத்தின் மேல் வலது கிளிக் செய்து வால்யூம் மிக்சரைத் திறந்து காட்டச் சொன்னேன். பிரவுசரின் ஸ்லைடர் முப்பது சொச்சத்தில் கிடந்தது. எப்போதோ ஒரு விளம்பரச் சத்தத்துக்குப் பயந்து குறைத்தது, அப்படியே தங்கிவிட்டது. யூடியூபின் ஸ்லைடரும் பாதிக்குக் கீழே. இரண்டையும் ஏற்றும் முன் பொது வால்யூமை இருபதுக்கு இறக்கச் சொன்னேன். இந்த வரிசை முக்கியம்; மாற்றிச் செய்தால் காதில் அறை விழும். ஏற்றியபின் முப்பதிலேயே போதும் என்று இறக்கிக்கொண்டான். “அப்ப ஆம்ப் வேண்டாமா அத்தை?” என்று அவன் கேட்டதில் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது.

சரி, பொது வால்யூம் முப்பதில் இருந்தால் தரம் குறையாதா? ‘நூறில் வை’ கட்சியின் மொத்த வாதமும் இதில்தான் நிற்கிறது. அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கணக்கு சரி, காலம்தான் பழையது.

1982-இல் விற்பனைக்கு வந்த சிடியில் ஒவ்வொரு ஒலி மாதிரியும் 16 பிட். அதாவது 65,536 படிகள். ஒவ்வொரு பிட்டும் ஏறக்குறைய 6 டெசிபலுக்குச் சமம். டிஜிட்டல் வால்யூமை 6 டெசிபல் குறைத்தால் எண்கள் பாதியாகும், ஒரு பிட் வீணாகும். 30 டெசிபல் குறைத்தால் ஐந்து பிட் போய், பதினொன்றில் பாட்டு ஓடும். அதிலுள்ள மெல்லிய ஒலிகள் சொரசொரப்பாகும். கணினியின் சவுண்ட் கார்டு 16 பிட்டில் மட்டும் ஓடிய நாட்களில் இந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது.

2007-இல் கடைக்கு வந்த விஸ்டாவிலிருந்து விண்டோஸ் ஒலியைக் கலப்பதும் குறைப்பதும் 32 பிட் மிதவைப் புள்ளிக் (floating point) கணக்கில்தான். உள்ளே எவ்வளவு குறைத்தாலும் அங்கே எதுவும் உதிர்வதில்லை. கடைசியில் சவுண்ட் கார்டுக்குக் கொடுக்கும்போதுதான் வெட்டு விழுகிறது. அந்தச் சவுண்ட் கார்டு 24 பிட்டில் இருந்தால் அதில் ஒரு கோடியே 67 லட்சம் படிகளுக்கு மேல் உண்டு. பாட்டு 16 பிட். வாய்க்கால் 24 பிட். எட்டு பிட் உபரி. எட்டை ஆறால் பெருக்குங்கள்: 48 டெசிபல் குறைத்தாலும் சிடியின் பதினாறு பிட்டும் முழுசாகவே வெளியே போகும். 48 டெசிபல் குறைத்தால் பாட்டுக் காதில் விழுகிறதா என்பதே சந்தேகம். ஆகவே, ‘குறைத்தால் பிட் போகும்’ என்று பயந்து மடிக்கணினியை நூறில் வைப்பவர், இல்லாத நஷ்டத்துக்கு அஞ்சி இருக்கிற காதைக் கொடுக்கிறார்.

செய்ய வேண்டியது ஒன்றுண்டு. கண்ட்ரோல் பேனலில் சவுண்ட் பெட்டியைத் திறந்து, உங்கள் ஹெட்போன் சாதனத்தின் பிராப்பர்ட்டீஸில் ‘அட்வான்ஸ்டு’ பகுதிக்குப் போங்கள். 16 பிட் என்று இருந்தால் 24 பிட், 48000 ஹெர்ட்ஸ் என்று மாற்றிவிடுங்கள். சினிமாவும் யூடியூபும் பெரும்பாலும் 48000-இல்தான் ஓடுகின்றன. 192000 இருக்கிறதே என்று அதற்குத் தாவ வேண்டியதில்லை. பெரிய எண் நல்ல எண் என்று நினைப்பது ஹெட்போன் வியாபாரத்துக்கு நல்லது.

அதே பெட்டியில் ‘லெவல்ஸ்’ என்ற பகுதியும் உண்டு. அங்கே வால்யூம் எண் இருக்கும் கட்டத்தின் மேல் வலது கிளிக் செய்தால் டெசிபல் என்ற தேர்வு வரும். அதைத் தட்டினால் நூறு என்பது 0 டெசிபல் என்று காட்டும். என் கணினியில் ஐம்பதில் வைத்தால் கழித்தல் பத்து டெசிபல் சொச்சம் காட்டுகிறது. பத்து டெசிபல் குறைந்தால் மனிதக் காதுக்குச் சத்தம் சுமார் பாதியாகத் தோன்றும். ஸ்லைடரின் எண் ஒலியின் அளவல்ல, வெறும் இடக்குறி என்பது அங்கேதான் விளங்கும். யூடியூபில் கொஞ்சம், மிக்சரில் கொஞ்சம், பொதுவில் கொஞ்சம் என்று குறைத்தவையெல்லாம் டெசிபலில் கூட்டலாகச் சேரும். பத்தும் எட்டும் பத்தும் சேர்ந்தால் 28. இவ்வளவு உபயோகமான ஒன்றை இரண்டு கிளிக்குக்கு அடியில் புதைத்து வைத்த மகானுபாவர் யாரோ.

28 டெசிபல் குறைந்தால் பிட் போகாது என்று மேலே சொன்னேன். நிஜ நஷ்டம் வேறு இடத்தில். மடிக்கணினியின் ஹெட்போன் ஜாக்குக்கு என்று சொந்த இரைச்சல் உண்டு. மலிவான பலகைகளில் மவுஸை நகர்த்தினால் ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம்கூடக் கேட்கும். அந்த இரைச்சல் வால்யூமோடு குறையாது, இருந்த இடத்தில் இருக்கும். பாட்டை 28 டெசிபல் தாழ்த்தி அனுப்பிவிட்டு, வெளியே ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருகி ஈடுகட்டினால், பாட்டோடு அந்த ‘கிர்ர்’ருக்கும் மாலை மரியாதை நடக்கும். அதனால்தான், வெளி ஆம்ப்ளிஃபயர் இருப்பவர்களுக்கு ‘கணினியில் மேலே, குமிழில் கீழே’ என்பது சரியான விதி. வெளியே குமிழே இல்லாதவருக்குப் பொது வால்யூம்தான் மாஸ்டர். அவர் யூடியூபையும் மிக்சரையும் மேலே வைத்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் கையாண்டால் போதும். எந்தக் குமிழ் கடைசியோ அதை மட்டும் திருகு. நான் சொல்ல வந்தது மொத்தமும் இதுதான்.

இந்த விதியும் வளையும் இடங்கள் உண்டு. விலை குறைந்த ஆம்ப்ளிஃபயர்களின் குமிழ், அடிமட்டத்தில் இடதும் வலதும் ஒரே அளவாகத் திறக்காது. ஏழு மணியில் மூடியிருக்கும் குமிழை எட்டு மணிக்குத் திருப்பினால் பாடகர் நடுவிலிருந்து இடது காதுப் பக்கம் நகர்ந்துவிடுவார். கணினி நூறில், ஹெட்போன் கூர்மையானது, அதனால் குமிழை எட்டுக்கு மேல் திருப்பவே முடியவில்லை என்று சிலர் அந்தச் சாய்ந்த பாட்டைச் சகித்துக்கொண்டே கேட்கிறார்கள். ஆம்ப்ளிஃபயரில் ‘கெயின்’ என்ற ஸ்விட்ச் இருந்தால் ‘லோ’வுக்குத் தள்ளுங்கள். இல்லாவிட்டால் தயங்காமல் விண்டோஸில் பத்துப் பதினைந்து டெசிபல் இறக்குங்கள். குமிழ் பத்து, பதினொரு மணிக்கு வரும், பாடகர் நடுவுக்குத் திரும்புவார்.

ஹெட்போனுக்கு ஹெட்போன் தேவையும் மாறும். 1997-இல் வந்த சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்போனுக்கு மடிக்கணினி நூறில் இருந்தாலும் மிதமாகத்தான் கேட்கும். பேயர்டைனமிக் டிடி 770 புரோவை 32, 80, 250 ஓம் என்று தனித்தனியாக விற்பதே, எதில் செருகப் போகிறீர்கள் என்று கேட்பதற்குத்தான். காதுக்குள் செருகும் 16 ஓம் இயர்போன்களுக்கோ பொது வால்யூம் பத்தைத் தொட்டாலே தாராளம். அங்கே இரண்டு இரண்டாக ஏறும் விண்டோஸின் படி ஒவ்வொன்றும் ஒரு தாவலாக இருக்கும். ஆறில் பத்தாது, எட்டில் அதிகம். அப்போது பிளேயரின் ஸ்லைடரைப் பாதிக்கு இறக்கிப் பொது வால்யூமுக்கு இடம் கொடுப்பதில் குற்றமேதும் இல்லை.

மேல்நோக்கிச் செய்யும் தப்புதான் இதைவிடக் கெடுதல். விஎல்சி பிளேயரில் ஸ்லைடர் நூறைத் தாண்டி 125 வரை போகும். நிறம் சிவப்பாவது சும்மா அழகுக்காக இல்லை. இன்றைய சினிமாப் பாட்டுகள் பெரும்பாலும் டிஜிட்டலின் உச்சியைத் தொட்டபடிதான் வெளியாகின்றன. அதற்கு மேல் ஏற்றினால் அலைகளின் தலை வெட்டுப்படும். மேளமும் உச்சஸ்தாயிக் குரலும் சேரும் இடத்தில் கரகரக்கும். அப்பாவின் மைக் குமிழ் கதைதான்; பிறகு பொது வால்யூமைக் குறைத்தாலும் சரியாகாது. நான் கேட்கும் நேர்காணல்கள் வேறு ரகம். டீக்கடை வாசலில், போனைச் சட்டைப்பையில் வைத்து எடுத்த பதிவு. பெரியவர் பேசுவது முணுமுணுப்பாக இருக்கும். அதில் உச்சிக்குக் கீழே ஏகப்பட்ட இடம் காலி. அதை 125-இல் வைத்தால் ஒன்றும் கிழியாது. ஆக, நூறைத் தாண்டலாமா என்பதற்குப் பதில் எந்தப் பதிவு என்பதைப் பொறுத்தது. பேச்சுக்குத் தாண்டுங்கள், பாட்டுக்குத் தாண்டாதீர்கள். பிரவுசரில் மாட்டும் ‘600 சதவீத வால்யூம் பூஸ்டர்’ ரகங்களைப் பாட்டின் பக்கமே சேர்க்காதீர்கள்.

ஈக்வலைசர் வைத்துப் பேஸ் ஏற்றுகிறவர்களுக்கும் இதே விஷயம். பேஸை 6 டெசிபல் உயர்த்தினால், உச்சியைத் தொட்டு நிற்கும் பாட்டில் அந்த ஆறுக்கு இடமில்லை. ஈக்வலைசரில் ‘பிரீஆம்ப்’ என்றொரு ஸ்லைடர் இருப்பது இதற்காகத்தான். எவ்வளவு ஏற்றினீர்களோ அவ்வளவு அதில் இறக்க வேண்டும். இறக்கியதும் சத்தம் குறைந்ததுபோல் இருக்கும், கடைசிக் குமிழில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். பிரீஆம்பை அப்படியே விட்டுவிட்டு, ‘என் ஹெட்போன் பேஸில் பிளக்கிறது’ என்று சொல்லும் ஆட்கள் நிறைய. ஹெட்போன் பாவம்.

விண்டோஸ் தானாகச் செய்யும் சில்லறை விஷமங்கள் வேறு. சவுண்ட் பெட்டியில் ‘கம்யூனிகேஷன்ஸ்’ பகுதியில், ஏதாவது அழைப்பு வந்தால் மற்றச் சத்தங்களை 80 சதவீதம் குறைக்கும்படி முன்கூட்டியே தேர்வாகி இருக்கும். ஜூம் வகுப்பு நடக்கும்போது பாட்டு திடீரென்று பாதாளத்துக்குப் போவது அதனால்தான். ‘டூ நத்திங்’ என்று மாற்றிவிட்டால் நிம்மதி. ‘என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ என்ற பெயரில் இருப்பவற்றையும் பாட்டுக்கு அணைத்துவிடலாம். அதிலுள்ள ‘லவுட்னஸ் ஈக்வலைசேஷன்’ மெல்லியதையும் பெரியதையும் ஒரே மட்டமாக்கும். எனக்கு நேர்காணலில் அது தெய்வம், வீணைக் கச்சேரியில் சனியன்.

புளூடூத் ஹெட்போன்காரர்களின் புகார் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதற்காகக் கடைக்கே தூக்கிக்கொண்டு போகிறார்கள். பாட்டு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். ஆன்லைன் கூட்டத்தில் சேர்ந்த உடனே எல்லாம் பழைய டெலிபோன்போல் ஆகிவிடும். வால்யூமை ஏற்றி ஏற்றிப் பார்ப்பார்கள், தெளிவு வராது. ஹெட்போனின் மைக்கைக் கணினி கேட்டதும், பாட்டுக்கான வழியை விட்டு அழைப்புக்கான வழிக்கு மாறிவிடுகிறது. அதில் ஸ்டீரியோ இல்லை, மாதிரிகளும் நொடிக்கு 8000 அல்லது 16000 என்று குறைந்துவிடுகின்றன. கூட்டத்தின் அமைப்பில் மைக்காக மடிக்கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள், பாட்டுத் தரம் திரும்பும். இது வால்யூமால் தீராத நோய், அதனால் வால்யூமை ஏற்றாதீர்கள்.

சத்தம் கூடினால் நன்றாக இருப்பதுபோல் தோன்றுவது நம் காதின் பிறவிக்குணம். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிளெட்சரும் மன்சனும் 1933-இல் இதை அளந்து வரைபடமாகவே போட்டுவிட்டார்கள். சத்தம் குறையக் குறைய, நடுத்தரச் சுருதிகளைவிடத் தாழ்ந்த சுருதிகள்தான் நம் காதிலிருந்து முதலில் மங்குகின்றன. வால்யூமை ஏற்றியதும் மிருதங்கத்தின் தொப்பி திரும்பி வருவதுபோல் தோன்றுவது அதனால்தான். எண்பதுகளின் ஸ்டீரியோ பெட்டிகளில் ‘லவுட்னஸ்’ என்று ஒரு பொத்தான் இருந்தது நினைவிருக்கலாம். தாழ்வாகக் கேட்கும்போது பேஸைக் கொஞ்சம் ஏற்றித் தருவதுதான் அதன் வேலை. ராத்திரி தாழ்வாகக் கேட்பவர்கள் ஈக்வலைசரில் பேஸை இரண்டு மூன்று டெசிபல் ஏற்றி, பிரீஆம்பில் அதே அளவு இறக்கிவைத்தால் வால்யூமை ஏற்றும் ஆசை பாதி அடங்கும்.

கடையில் இரண்டு ஹெட்போனை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும்போதும் இந்தக் குணம் நம்மை ஏமாற்றும். ஒரே வால்யூமில் எது சற்றே சத்தமாகக் கேட்கிறதோ அதைத்தான் ‘கிளாரிட்டி சூப்பர்’ என்று எடுப்போம். இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட விடும் கடையை நான் இதுவரை பார்க்கவில்லை.

பாட்டுக்குப் பாட்டு வால்யூம் ஏறி இறங்குவதற்கும் ஒரு வார்த்தை. யூடியூப் வீடியோவின் மேல் வலது கிளிக் செய்து ‘ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்பதைத் தட்டினால், ‘கன்டென்ட் லவுட்னஸ்’ என்று ஒரு டெசிபல் எண் தெரியும். அது கூட்டலில் இருந்தால் பாட்டு அளவுக்கு மீறிய சத்தம், யூடியூப் அவ்வளவையும் தானே குறைத்துவிட்டது என்று அர்த்தம். கழித்தலில் இருந்தால் மெல்லிய பதிவு. அதை யூடியூப் ஏற்றாது, அப்படியே விடும். பழைய கேசட்டிலிருந்து ஏற்றிய பாட்டைக் கேட்க வால்யூமை உயர்த்திவிட்டு, அடுத்து வரும் புதுப்படப் பாட்டில் துள்ளி எழுவது இதனால்தான். ஸ்பாட்டிஃபையில் ‘நார்மல்’ என்ற தேர்வு எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். ‘லவுட்’ வேண்டாம், அது உச்சிகளை நசுக்கும்.

எவ்வளவு சத்தம் போதும்? என் வழக்கம் எளிது. வேலை தொடங்கும் முன், வீடு அமைதியாக இருக்கையில் பேச்சுப் பதிவு ஒன்றை ஓடவிட்டு, எதிரில் உட்கார்ந்து ஒருவர் பேசுவதுபோல் கேட்கும் இடத்தில் வால்யூமை நிறுத்துவேன். சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அக்கம்பக்கம். பிறகு தெருவில் ஆட்டோ போனாலும் மிக்சி ஓடினாலும் ஏற்றமாட்டேன். வெளிச்சத்தத்தை வெல்ல வால்யூமை ஏற்றுவதுதான் காதைக் கெடுக்கும் நேர்வழி. காதை நன்றாக மூடும் ஹெட்போன் வாங்குவது அதற்குச் செய்யும் நியாயமான செலவு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 83-இல் 20 மணி, 86-இல் 10, 89-இல் 5, 92-இல் வாரம் முழுவதற்கும் இரண்டரை மணிதான். ஒரு சினிமா பார்த்தால் தீர்ந்துவிடும். குழந்தைகளுக்கு 75 டெசிபல்.

போன்கள் இப்போது இந்தக் கணக்கை ஓரளவு தாமே வைத்துக்கொண்டு எச்சரிக்கின்றன. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து இதற்கென்று தரம் வகுத்திருக்கின்றன. என் மடிக்கணினியில் அப்படி எதுவும் இல்லை. நூறில் வைத்தாலும் அது வாயே திறக்காது. ஆன்லைன் வகுப்பும் பயிற்சி மைய வீடியோவும் பிள்ளைகளை மணிக்கணக்கில் மடிக்கணினியோடு கட்டிப்போட்டிருக்கும் காலத்தில், இதைத் தயாரிப்பாளர்கள் சும்மா விட்டிருப்பது பொறுப்பின்மை. ஸ்லைடரின் ஓரத்தில் டெசிபலைக் காட்டுவது பெரிய தொழில்நுட்பம் அல்ல. ஏற்கெனவே உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவந்தால் போதும்.

தமிழ்நாட்டில் 2011 முதல் அரசே மாணவர்கள் கையில் மடிக்கணினி கொடுத்துப் பழக்கப்பட்டிருக்கிறோம். இனி கொடுக்கும் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஹெட்போன் வால்யூம் பற்றி ஒரு பக்கத் தாளைத் தமிழில் அச்சடித்து வைக்கும்படி பள்ளிக் கல்வித் துறையையும் உயர்கல்வித் துறையையும் கேட்டுக்கொள்கிறேன். மிக்சரை எங்கே திறப்பது, எந்தக் குமிழைத் திருகுவது, வாரத்துக்கு எவ்வளவு நேரம் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். மடிக்கணினியோடு தரும் பைக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட அதற்கு ஆகாது.